ஏழு பிரேம் தள்ளி

பேரு சொல்ல மாட்டேன். அவரு வீட்டுக்காரி, எங்க மதினி, இன்னும் தச்சநல்லூர்லதான் இருக்காவ. ஊர்க்காரன் எவனாவது இதை வாசிச்சுட்டு அவங்ககிட்ட போயி ஒப்பிச்சான்னா என் கதை கந்தல். அதனால அண்ணாச்சின்னே வச்சுக்கிடுவோம். எங்க பக்கம் பாதி ஆம்பளைக்கு அதுதானே பேரு.

அண்ணாச்சி கல்யாண வீடியோவுக்கு மிக்ஸிங் பண்ணுறவரு. நான் கேமரா தூக்குறவன். நான் மண்டபம் மண்டபமா அலைஞ்சு எடுத்துட்டு வர்றதை அவரு கம்ப்யூட்டர்ல போட்டு, வெட்டி, ஒட்டி, பாட்டு சேத்து ஒரு படமாக்கிக் குடுப்பாரு. பதினாறு வருஷம் சேந்து வேலை பாத்தோம். சண்டை போடாத வாரம் கிடையாது. அம்புட்டுச் சண்டையும் ஒரே விஷயத்துக்குத்தான்.

அது என்னன்னா, வாயும் சத்தமும். படத்துல ஒருத்தன் பேசுனா அவன் உதடு அசையுறதும் சத்தம் வர்றதும் ஒண்ணா இருக்கணும். எங்க தொழில்ல அதுக்கு 'சிங்க்'னு பேரு. இதுல என்னய்யா அதிசயம்னு கேப்பீங்க. ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம் ஓடுது. ஒரு படத்துக்கு ஒரு பிரேம்னு பேரு. சத்தம் ரெண்டு பிரேம் விலகி நின்னா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கல்யாணம் பண்ணிக்கிட்டவனுக்கும் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும். சோத்துல கல்லு கடிச்ச மாதிரி மூஞ்சி போயிரும். டீக்கடை டிவியில செய்தி ஓடிக்கிட்டிருக்கும், நாங்க வடையைப் பிச்சு வாயில போட்டிருப்போம், இவரு எந்திரிச்சு கல்லாவுக்குப் போயிருவாரு.

"அண்ணாச்சி, உங்க டிவியில அந்தப் பிள்ளைக்கு மூணு பிரேம் பிந்துது. அந்தப் பெட்டியை ஒரு தடவை அமத்திப் போடுங்க."

கடைக்காரரு என்னைப் பாப்பாரு. நான் தெருவைப் பாப்பேன். வேற என்ன செய்ய?

அவரு ரூமு ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடி. கீழ மெஷின் ஓடுனா தரையே ஆடும். அதனால மில்லு நிக்கிற மத்தியான நேரத்துலதான் உதடு பாக்குற வேலையை வச்சுக்கிடுவாரு. மத்த மிக்ஸிங்காரன் எல்லாம் மாலை, விளக்கு, பூ பறக்குறதுன்னு மினுக்கு வேலை பண்ணிக்கிட்டிருப்பான். இவரு ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரு கிழவரு ஆசீர்வாதம் பண்ணுறதை இருபது தடவை ஓட்டுவாரு.

"யாருவே இதைப் பாக்கப் போறா"ன்னு எனக்கு எரிச்சல் மண்டும். மூத்தவருங்கிறதால 'வே' போட்டுப் பேசக்கூடாதுதான். கோவத்துல வந்திரும்.

அவரு கோவப்பட மாட்டாரு. "படம் ஒரு ரோட்டுல வருது, சத்தம் ஒரு ரோட்டுல வருது வே. ரெண்டும் ஒண்ணா வருதுன்னு நீரு நினைச்சுக்கிட்டிருக்கீரு. சேருற இடத்துல ஒருத்தன் நின்னு ரெண்டையும் கைபிடிச்சு விடணும்"னு சொல்லுவாரு.

ஒரு தடவை குறுக்குத்துறை ஆத்துல குளிச்சுட்டுக் கரையேறையில, அக்கரையில துணி துவைக்கிறவரைக் காட்டினாரு. துணி கல்லுல விழுந்த பொறவுதான் சத்தம் நம்மகிட்ட வந்துச்சு. "பாத்தீரா? சத்தம் பிந்தி வர்றதை நாம பொறந்ததுல இருந்து பாக்கோம். அதனால படத்துலயும் சத்தம் கொஞ்சம் பிந்துனா மனசு பொறுத்துக்கிடும். முந்துனா பொறுக்காது. அடி விழுமுன்ன சத்தம் எங்கயாவது கேட்டிருக்கீரா? அது ஆகாது வே"ன்னாரு. நான் தலையைத் துவட்டிக்கிட்டே சரி சரின்னேன். பசி எனக்கு.

ரெண்டு கேமராவுல எடுத்தா, ரெண்டையும் பின்னால சேக்கணும்லா? அதுக்கு அவரு ஒரு சட்டம் வச்சிருந்தாரு. ஆரம்பிக்கும்போது கேமராவுக்கு முன்னால ஓங்கி ஒரு கைதட்டு. கை சேருற பிரேமும் 'டப்'புன்னு கேக்குற இடமும் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு அவரு மத்தது எல்லாத்தையும் வரிசைப்படுத்திருவாரு. கைதட்டு இல்லாத மெமரி கார்டைக் கொண்டு போனா தொடவே மாட்டாரு. பழகிப்போயி, கேமரா ஓடுனாலே எனக்குக் கை தானாத் தட்டும்.

உவரியில ஒரு துட்டி வீடு. அம்மா இறந்துட்டாவ. மகன் கப்பல்ல வேலை, நடுக்கடல்ல இருக்கான், வர முடியலை. அவன் பாக்கட்டும்னு கோயில் பூசையையும் அடக்கத்தையும் எடுக்கச் சொன்னாவ. ரெண்டு கேமராவை நிறுத்தினேன். பெட்டியைக் கொண்டுவந்து வச்சாவ. எல்லாரும் அமைதி. நான் போயி பெட்டிக்கு முன்னால நின்னு ஓங்கித் தட்டினேன் பாருங்க ஒரு தட்டு!

அப்புறம் என்ன? கடல்ல வலை இழுக்குற கையி ஒண்ணு என் பிடரியைப் பிடிச்சுது. "ஏலே, எங்க அத்தை செத்ததுக்குக் கைதட்டுதியோ?" சர்ச்சு பங்குச்சாமி குறுக்க விழுந்து என்னை மீட்டுக் குடுத்தாரு. சட்டைக் காலரு கிழிஞ்சு போச்சு. நேரா தச்சநல்லூருக்கு வந்து அண்ணாச்சிகிட்ட பொங்கித் தீத்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த மனுசன் ஒண்ணுதான் கேட்டாரு.

"தட்டுனது ரெண்டு கேமராவுலயும் விழுந்துச்சா?"

எனக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியலை. அப்புறம் அவரே வருத்தப்பட்டு, "துட்டி வீட்டுல இனி உம்ம மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து டப்புன்னு மூடும், அது போதும்"னாரு. நான் வீம்பு பிடிச்சவன். போங்கய்யா நீங்களும் உங்க தட்டும்னு துட்டி வீட்டுல மட்டும் இல்லை, கல்யாண வீட்டுலயும் தட்டுறதை விட்டுட்டேன்.

அதுக்குப் பலன் ரெண்டே மாசத்துல கிடைச்சுது. டவுன்ல ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா துபாயில இருக்காரு, கம்பெனிக்காரன் லீவு இல்லைன்னுட்டான். பெரியப்பா தாரை வாக்காரு. அப்பா அங்கன இருந்தே பாக்குறதுக்கு நேரடியா ஒளிபரப்பு. மண்டபத்து மைக் சத்தம் ஒயர்ல நேரா கம்ப்யூட்டருக்கு வந்திரும். படம் காத்துல வரும், அதனால பிந்தும். சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்திவச்சு, படம் வந்ததும் சேத்து அனுப்பணும். எவ்வளவு நிறுத்தணும்னு பாக்குறதுக்குத்தான் கைதட்டு. நான் தட்டலை. கெட்டிமேளம் துபாய்க்கு முதல்ல போயிருச்சு. தாலி ரெண்டு செகண்டு கழிச்சுப் போச்சு.

மறுநாள் அந்தத் துபாய் அப்பா எனக்குப் போன் பண்ணினாரு. "தம்பி, நான் அட்சதையைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். மேளம் கேட்டுச்சு, போட்டுட்டேன். பொறவு பாத்தா மாப்பிள்ளை அப்பதான் தாலியைக் கையில எடுக்காரு. தாலி ஏறுமுன்ன அட்சதை போட்டா பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?"

நான் அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வச்சுட்டேன். அண்ணாச்சி கேட்டுட்டு என்னை ஒரு வார்த்தை வையலை. வஞ்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். மூணு நாள் உக்காந்து, மூணு முடிச்சும் மேளமும் கச்சிதமாச் சேர வச்சு அந்தத் துண்டை மட்டும் அனுப்பினாரு. துபாய்க்காரருக்கு லீவு நாள்ல போன் போட்டு, "குளிச்சுட்டு, வேட்டி கட்டிக்கிட்டு, மஞ்சளரிசி கையில வச்சுக்கிட்டுப் பாருங்க. உங்க மக கழுத்துல இப்பதான் தாலி ஏறப்போகுது"ன்னாரு. போன் ஸ்பீக்கர்ல அந்தப் பக்கம் மேளம் கேட்டுச்சு, அரிசி விழுற சத்தம் கேட்டுச்சு, அந்த மனுசன் விம்முறது கேட்டுச்சு. அண்ணாச்சி போனைக் கையில வச்சபடி கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. அன்னையில இருந்து நான் பேசாம கைதட்ட ஆரம்பிச்சேன்.

மதினியைப் பத்திச் சொல்லணும். பள்ளிக்கூட டீச்சர். நல்ல வாயாடி. பேசுனா புருவம், கை, தோள் எல்லாம் சேந்து பேசும். மத்தியானம் சனி ஞாயிறுல சோறு கொண்டு வருவாவ. அவங்க தெருக்கதை பூரா சொல்லிக்கிட்டிருக்க, இவரு சாப்பிடாம அவங்க வாயையே பாத்துக்கிட்டிருப்பாரு. "உலகத்துல சுத்தமான சிங்க் இதுதான் வே"ம்பாரு. மதினி கரண்டியை ஓங்குவாவ. எனக்கு வெக்கமா இருக்கும், நான் கீழ இறங்கிப் போயிருவேன்.

அண்ணாச்சிக்கு ஒருநாள் காலையில பல்லு விளக்கையில வாய் கோணிக்கிட்டுது. வலது கையி வரலை. ஆஸ்பத்திரியில மூளையில சின்ன ரத்தக்கட்டுன்னாவ. ஆண்டவன் புண்ணியம், பத்து நாள்ல கை வந்துட்டுது, பேச்சு வந்துட்டுது. ஒரு மாசத்துல மாடி ஏறி ரூமுக்கு வந்துட்டாரு. கண்டம் தாண்டிருச்சுன்னு நாங்க எல்லாரும் சாமிக்குத் தேங்கா உடைச்சோம்.

ஆனா மனுசன் மாறிப்போனாரு. மிக்ஸிங் வேலையை ஒவ்வொண்ணாத் தள்ளிவிட்டாரு. நான் போனா பேசுவாரு, ஆனா ஜன்னலைப் பாத்துப் பேசுவாரு. போன்ல பேசுனா பழைய ஆளு. நேர்ல போனா தலை குனிஞ்சுக்கிடும். சீக்குல விழுந்தவங்களுக்கு வர்ற சலிப்புன்னு நினைச்சேன். இதுக்கு நடுவுல மகளுக்குக் களக்காட்டுப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசி முடியுற மாதிரி இருந்துச்சு. அதுலயும் அவருக்குச் சந்தோசம் இருந்த மாதிரி தெரியலை.

ஒருநாள் மதினி என் வீட்டுக்கே வந்துட்டாவ. உக்காரக்கூட இல்லை.

"தம்பி, உங்க அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணினேன்னு. நான் வாயைத் திறந்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிடுதாவ. சாப்பிட வாங்கன்னு முன்னால போயி நின்னா கண்ணை மூடிக்கிடுதாவ. இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்ப என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலையாமா?"

மதினி அழுது நான் பாத்ததே இல்லை. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. மறுநாள் கரண்ட் இல்லாத நாளு, பராமரிப்புன்னு காலையிலேயே நிறுத்திட்டான். மில்லும் ஓடலை, கம்ப்யூட்டரும் ஓடலை. ரூமுல அவரு சும்மா உக்காந்திருந்தாரு.

"அண்ணாச்சி, மதினி என்ன பாவம் பண்ணினாவ? பேசுனா மூஞ்சியைத் திருப்பிக்கிடுதீயளாமே? இப்பமும் பாருங்க, சுவத்தைத்தான் பாக்குதீய. உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

பைய என் பக்கம் திரும்பினாரு. என் வாயைப் பாத்தாரு. நான் பேசி முடிச்சு வாயை மூடிட்டேன். அவரு கண்ணு இன்னும் என் உதட்டுலயே நின்னுச்சு.

"இப்பதான் வே நீரு வாயை மூடுதீரு"ன்னாரு.

எனக்கு ஒண்ணும் விளங்கலை.

"சத்தம் முதல்ல வந்திருது. வாய் பொறவு அசையுது. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுல இருந்து இப்படித்தான். யாரு பேசுனாலும், தேங்கா உடைச்சாலும், கதவைச் சாத்துனாலும். சத்தம் முந்துது வே."

என்ன சொல்லுதீய அண்ணாச்சின்னேன். எனக்குச் சிரிப்பு வேற வந்துச்சு, நாசமாப்போன சிரிப்பு. இம்புட்டு வருஷம் ரெண்டு பிரேமுக்கு உயிரை எடுத்த மனுசனுக்கா இப்படி? அவரு சிரிக்கலை.

"செக்கப்புன்னு சொல்லித் தனியாப் போனேன். கண்ணு டாக்டர் கண்ணு சுத்தம்னாரு. காது டாக்டர் காது சுத்தம்னாரு. மூளை டாக்டர், போகப்போகச் சரியாகும், நல்லாத் தூங்குங்கன்னாரு. கண்ணு நல்லாத்தான் இருக்கு, காது நல்லாத்தான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுலதான் கோளாறு. அதுக்கு டாக்டர் இல்லை வே."

"சரி, அதுக்கு மதினியைப் பாக்காம இருந்தா எப்படி?"

"மத்தவன் பேசுனா தலைவலியோட போயிரும். அவ பேசுறதைப் பாத்தா பயமா இருக்கு. அவ குரலு கேக்குது. அங்கன வேற யாரோ ஒரு பொம்பளை அந்தக் குரலுக்கு வாயசைச்சுக்கிட்டு நிக்கா. அது அவ மூஞ்சி இல்லை. எப்படிவே பாக்க?"

அவங்ககிட்ட சொல்லிருங்கன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. அவரு என்னைக் கும்பிட்டதை இன்னைக்கு நினைச்சாலும் உடம்பு கூசுது. "களக்காட்டுக்காரங்க நாள் குறிக்கப்போறாவ. பொண்ணுக்கு அப்பனுக்கு மூளை சரியில்லைன்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா எவன் வே பொண்ணு எடுப்பான்? இவளுக்குச் சொன்னா தங்கச்சிக்குச் சொல்லுவா, தங்கச்சி ஊருக்குச் சொல்லுவா. கல்யாணம் முடியட்டும். நீரும் சொல்லப்படாது"ன்னாரு. அவரு மக தலையில அடிச்ச மாதிரி சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நானும் குடுத்தேன். மடையன்.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை. இம்புட்டு வருஷம் அவரு மத்தவனுக்குப் பண்ணின வேலையை அவருக்குப் பண்ணிப் பாத்தா என்ன? அவரு வீட்டுக்குப் போனேன். புதுக் கேமரா, சோதிச்சுப் பாக்கணும், ரெண்டு வார்த்தை பேசுங்க மதினின்னேன். மதினி கடுப்புல இருந்தாவ. கேமராவைப் பாத்து வஞ்சு தீத்துட்டாவ. "என்னத்தப் பேச? நேத்து தேங்காப்பால் எடுத்து, இஞ்சிப் பச்சடி வச்சு, சொதி வச்சேன். உங்க அண்ணாச்சி தொட்டுக்கூடப் பாக்கலை. நான் யாருக்கு வச்சேன், சுவத்துக்கா? கேமராவுலயாவது நான் பேசுறதைக் கேளுங்க."

அதைக் கம்ப்யூட்டர்ல போட்டேன். அண்ணாச்சி மூடிக்கிட்டிருந்த கண்ணைத் திறக்க வச்சேன். சத்தத்தை ஒவ்வொரு பிரேமாப் பின்னால தள்ளி வச்சு ஓட்டினேன். ஒண்ணு. "இல்லை." ரெண்டு. "இல்லை." நாலு. "கிட்ட வருது." ஆறு. "இன்னும் ஒண்ணு வே, ஒண்ணே ஒண்ணு." ஏழு.

"நில்லும்!"

எனக்கு அதைப் பாக்கச் சகிக்கலை. மதினி வாய் ஒரு பக்கம், குரலு ஒரு பக்கம், கெட்டுப்போன டப்பிங் மாதிரி இருந்துச்சு. அண்ணாச்சி ஸ்கிரீன் பக்கத்துல போயி, மூக்கு இடிக்க உக்காந்துட்டாரு. "பேசுதா வே. அவதான் பேசுதா"ன்னாரு. திருப்பித் திருப்பி ஓட்டச் சொன்னாரு. சொதி, பச்சடி, சுவரு. எத்தனை தடவைன்னு நான் எண்ணலை. கீழ மில்லு ஓடுறதைக்கூட அவரு கவனிக்கலை.

ஆனா கம்ப்யூட்டர்ல தள்ளி வைக்கலாம். சோத்துத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு முன்னால நிக்கிற பொம்பளையை எப்படித் தள்ளி வைக்க?

ஒண்ணு முயற்சி பண்ணினேன். ப்ளூடூத் ஹெட்போன் எங்க தொழிலுக்கு ஆகாது. ஒயர் இல்லாம வர்றதால சத்தம் பிந்தும். அந்தக் குறையே இவருக்கு மருந்தாகுமேன்னு ஒண்ணு வாங்கி மாட்டிவிட்டு, போனை மைக்கா வச்சு நானே முன்னால நின்னு பேசினேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. கழத்திட்டாரு.

"ரெண்டு தடவை கேக்குது வே. நீரு நேர்ல பேசுறது ஓரத்துல நுழைஞ்சிருது. பொறவு ஒரு தடவை இதுல வருது. ஒருத்தியைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரு பேச்சைக் கேக்கணுமா?"

சிரிச்சோம்.  பஞ்சு வச்சுப் பாத்தோம், பெரிய ஹெட்போன் வச்சுப் பாத்தோம். நடக்கலை.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. நான்தான் கேமரா. நாதஸ்வரக்காரரு கெட்டிமேளத்துக்குத் தயாராகுறதை ஓரக்கண்ணுல பாத்தேன், அண்ணாச்சியையும் பாத்தேன். அய்யரு விரலை ஆட்டினாரு, மேளம் கொட்டுச்சு. பெத்த மக கழுத்துல தாலி ஏறுது, இந்த மனுசன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அட்சதையைப் போட்டாரு. பொண்ணைப் பெத்த அப்பன் அழுதாருன்னு சுத்தி நின்னவன் எல்லாம் உச்சுக்கொட்டினான். பக்கத்துல நின்ன மதினி அழுகையை நிறுத்திட்டு அவரைப் பாத்தாவ. அந்தப் பார்வையும் என் கேமராவுல விழுந்துட்டுது.

"இப்பமாவது சொல்லும்"னு நச்சரிச்சேன். மறுவீடு முடியட்டும்னாரு. மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு முடிஞ்சுது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்துட்டுப் போகட்டும்னாரு. நான் சொல்லட்டுமான்னு கேட்டேன், சத்தியம்னாரு. மதினி என்னைப் பாக்கும்போதெல்லாம் ஏதாவது சொன்னாவளான்னு கேப்பாவ. சரியாயிரும் மதினின்னு சொல்லிட்டு ஓடிருவேன். எது சரியாகும்? என் மண்டை!

தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கையில ரெண்டாவது தடவை வந்துச்சு. இந்தத் தடவை ஆஸ்பத்திரி வரைக்கும்கூட தாங்கலை. காப்பியை நீட்டிக்கிட்டு மதினிதான் முன்னால நின்னு ஏதோ பேசிக்கிட்டிருந்தாவளாம். சுவத்துப் பக்கம் திரும்புனவரு அப்படியே சரிஞ்சுட்டாரு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பின பொறவு நான் போயி எல்லாத்தையும் சொன்னேன். மதினி பாத்திரத்தை அடுக்கிக்கிட்டே கேட்டுட்டுச் சொன்னாவ.

"எனக்காகச் சொல்லுதீய தம்பி. நல்ல மனசு உங்களுக்கு. சத்தம் முந்துமாம், வாய் பிந்துமாம். கதை கட்டுனாலும் நம்புற மாதிரி கட்டுங்க."

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனேன். அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். அவங்க வாய் அசையுது, பொறவு சத்தம் வருது. சொதி, பச்சடி, சுவரு.

"இது கோளாறால்லா இருக்கு? வாய் ஒண்ணும் பேச்சு ஒண்ணுமா?"

"இதைத்தான் அண்ணாச்சி சரின்னாவ மதினி. நமக்கு எது கோளாறோ அதுதான் அவங்களுக்கு நேரா இருந்துச்சு. உங்க மூஞ்சியைப் பாக்கணும்னு தோணுனா ரூமுக்கு வந்து இதைத்தான் போட்டுப் பாப்பாவ. தினமும் பாத்தாவ."

மதினி முந்தானையை வாயில வச்சுக்கிட்டாவ. "நான் வையுறதையா? இதையா தினமும் பாத்தாவ?"

ஆமான்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னாவ. போட்டேன். அதுக்குள்ள அவங்க நம்பிட்டாவ, மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. அழுவாவன்னு எதிர்பாத்தேன். அழலை. நான் எதிர்பாக்காததைக் கேட்டாவ.

"பேசுனாத்தானே தம்பி அப்படித் தெரியும்? பேசாம இருந்தா?"

நான் ஓடிக்கிட்டிருந்த துண்டை நிறுத்தினேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருப்பேனே. வாயை மூடிக்கிட்டு அவங்க முன்னால சும்மா உக்காந்திருப்பேன். அப்ப என் மூஞ்சி என் மூஞ்சியாத்தானே தெரிஞ்சிருக்கும்? நல்லாப் பாத்துட்டுப் போயிருப்பாவல்லா?"

பிரேம் பிரேமாத் தள்ளி வச்சோம், ஹெட்போன் வாங்கினோம், பஞ்சு வச்சோம். எங்க ரெண்டு பேருக்கும் இது தோணவே இல்லை.